சும்மா கிடந்து கெடும் ரப்பர்

ஐப்பசியில் முதல் கனமழை பிடிக்கும்போது கடலூரிலும் சிதம்பரத்திலும் கார் வைத்திருக்கும் பலருக்கு ஒரே குழப்பம் வரும். போன தை மாதம் மாற்றிய வைப்பர். இடையில் பெரிய மழையே இல்லை, சுவிட்சைப் போட்டதே அபூர்வம். அப்படியிருந்தும் முதல் மழையிலேயே கண்ணாடியில் கோடு கோடாக நீரை விட்டுவிட்டு, கிறீச்சிட்டுக்கொண்டு துள்ளித் துள்ளிப் போகிறதே, ஏன்? வேலையே செய்யாத பொருள் எப்படித் தேய்ந்தது? கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார் என்று முடிவுகட்டி இன்னொரு ஜோடி வாங்குவதோடு விசாரணை முடிந்துவிடும். அடுத்த ஐப்பசியிலும் அதே கதை. தமிழகக் கடலோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே நம் பக்கத்து வைப்பர், கோடை இடிமழையையும் ஆடி ஆவணி மாலைத் தூறலையும் கழித்துவிட்டால், ஆண்டில் ஒன்பது மாதம் கண்ணாடியில் சாய்ந்தபடி வெறுமனே கிடக்கிறது. அதைக் கெடுப்பது அந்த ஒன்பது மாதம்தான். மழைக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இதை ஒப்புக்கொண்டால் வைப்பரை எப்போது மாற்றுவது, எதைக் கொண்டு துடைப்பது என்று நாம் பழகிவைத்திருக்கும் பலவற்றை மாற்றவேண்டியிருக்கும்.

முதலில், வைப்பர் என்ன வேலை செய்கிறது? நீரை வழித்தெடுத்துக் கண்ணாடியைக் காயவைக்கிறது என்றுதான் நினைக்கிறோம். ஒழுங்காக வேலை செய்யும் வைப்பர் கண்ணாடியை ஒருபோதும் முழுதாகக் காயவிடுவதில்லை. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய நீர்ப்படலம் ஒன்றை அது விட்டுச்செல்கிறது. படலம் ஒரே சீராக இருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது, சில நொடிகளில் ஆவியாகியும் போகிறது. அந்தப் படலத்தின் மேல்தான் ரப்பரின் விளிம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சிதம்பரம் பக்கத்து வயல்களில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சேற்றின்மேல் போதிய நீர் நின்றால் பரம்புப் பலகை வழுக்கிப் போய் நிலத்தை மட்டமாக்கிவிடும். நீர் வற்றிய இடத்தில் சேறு பலகையைக் கவ்விக்கொள்ளும். இழுக்க இழுக்க அசையாமல் நின்று, திடீரென விடுபட்டு எகிறும், பின்னால் வரிவரியாக மேடுபள்ளம் தெரியும். வைப்பர் துள்ளும்போது நடப்பதும் அதுவே. ரப்பர் விளிம்பு ஒரு கணம் கண்ணாடியில் ஒட்டுகிறது, வைப்பரின் கை இழுக்கும் விசை மிஞ்சியதும் வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. ‘ஒட்டி வழுக்கல்’ என்று இதைச் சொல்லலாம். ஒரு நொடிக்குள் பலமுறை நடந்தால் அதிர்வாகக் கண்ணுக்குத் தெரியும், பல நூறு முறை நடந்தால் கிறீச்சொலியாகக் காதில் விழும்.

இரு பரப்புகளுக்கு இடையே நீர்மம் இருந்தால் உராய்வு குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு இருந்தால் எவ்வளவு குறையும் என்பது அத்தனை எளிய கணக்கில்லை. ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் எந்திரத் தாங்கிகளில் வேகத்தையும் பாரத்தையும் மாற்றி மாற்றி உராய்வை அளந்தார். வேகம் மிகக் குறைவாக இருக்கையில் மசகுப் படலம் உருவாகாமல் இரு பரப்புகளும் நேராக உரசுகின்றன, உராய்வு அதிகம். வேகம் கூடக்கூடப் படலம் பரப்புகளைப் பிரித்துத் தூக்குகிறது, உராய்வு சரசரவென்று விழுகிறது. அதற்கும் மேலே போனால் படலமே தடையாகி உராய்வு மெல்ல ஏறுகிறது. வைப்பர் ஒவ்வொரு வீச்சிலும் இந்த வளைகோட்டில் ஏறி இறங்குகிறது, ஏனென்றால் இரு முனைகளிலும் அது நின்று திரும்பவேண்டும். துள்ளல் பெரும்பாலும் திரும்பும் இடத்தை ஒட்டியே தொடங்குவதன் காரணம் இதுதான். ரப்பர், கண்ணாடி ஆகிய இரண்டையும் வைத்து ஆய்வகங்களில் அளந்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. உராய்வு உச்சத்தைத் தொடுவது முழுக்க உலர்ந்த கண்ணாடியில்கூட இல்லை, உலர்ந்துகொண்டிருக்கும் கண்ணாடியில். அங்கங்கே எஞ்சிய நீர்த்திட்டுகள் ரப்பரை உறிஞ்சி இழுத்து ஒட்டவைக்கின்றன. தூறல் ஓய்ந்தபின் நிறுத்த மறந்து ஓடும் வைப்பரின் முனகல் அந்த உச்சத்தின் ஒலி. மார்கழிக் காலையில் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைக்க வாஷர் நீரை அடிக்காமல் வைப்பரைப் போடுவதும் இதே நிலைதான், கூடவே இரவெல்லாம் படிந்த தூசியும் சேர்ந்துகொள்ளும்.

ரப்பர் பட்டையின் நுனி, கூரிய விளிம்புள்ள ஒரு மெல்லிய நாக்கு. அது மேலுள்ள தடித்த பகுதியோடு ஒரு குறுகிய கழுத்தால் இணைந்திருக்கும். கை இடமிருந்து வலம் போகும்போது நாக்கு ஒருபுறம் சாய்ந்து விளிம்பு கண்ணாடியில் பதியும். திரும்பும்போது கழுத்தில் மடங்கி மறுபுறம் சாயும். இந்தப் புரளல் நடக்காவிட்டால் நாக்கு பின்னால் இழுபடுவதற்குப் பதில் முன்னால் முட்டிக்கொண்டு போகும், நீரை வழிக்காமல் தாவும். ஒன்பது மாதம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வெயிலில் கிடக்கும் நாக்குக்கு நேர்வது இதுதான். வளைத்துப் பிடித்த ரப்பரை விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் என்பது குறுகிய நேரத்துக்கே பொருந்தும். பல வாரம் வளைந்தே இருந்தால், அதுவும் சூட்டில் இருந்தால், உள்ளே சங்கிலி மூலக்கூறுகளின் பழைய பிணைப்புகள் சில அறுந்து, வளைந்த நிலையிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகும். அதன்பின் வளைவே அதன் இயல்பு வடிவமாகிவிடும். இதை ‘நிலைவளைவு’ எனலாம். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ஒரு பொது விதி, துல்லியமான சட்டமில்லை. சித்திரை, வைகாசியில் மர நிழலில் 40 டிகிரி என்றால், வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடியும் கறுப்பு ரப்பரும் அதைவிட எவ்வளவோ கூடுதலாகச் சுடும். குளிர்நாட்டில் ஓராண்டு தாங்கும் ரப்பர் இங்கே தாங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

சூட்டோடு சேர்ந்து வேலை செய்யும் இன்னோர் எதிரி கண்ணுக்குத் தெரியாது. ரப்பரின் நீண்ட சங்கிலிகளில் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட முறையில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டப்படுகின்றன, ஆனாலும் பெரும்பாலான இரட்டைப் பிணைப்புகள் அப்படியே எஞ்சுகின்றன. காற்றில் உள்ள ஓசோன் நேராகப் போய் அவற்றை வெட்டும். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிபொருள் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோன் உண்டாகிறது. நூறு கோடி பங்கு காற்றில் சில பத்துப் பங்கு ஓசோனே இந்த வெட்டுக்குப் போதும். இவ்வளவு சொற்பமான வாயுவா ரப்பரைக் கெடுக்கும் என்று ஐயப்படுவோருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பதில் சொல்லும். அங்கே பழுப்புப் புகைமூட்டம் கவிந்த 1940களிலும் 50களிலும் டயர்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் விரிசல் விட்டன. கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட் அந்தப் புகைமூட்டத்தில் ஓசோன் இருப்பதைக் காட்டினார். வளைத்த ரப்பர் துண்டுகளைக் காற்றில் வைத்து, விரிசல் தோன்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதையே ஓசோனை அளக்கும் முறையாக அவரும் சகாக்களும் பயன்படுத்தினர். துண்டை ஏன் வளைத்தார்கள் என்பதில்தான் நமக்கான செய்தி இருக்கிறது. தளர்ந்து கிடக்கும் ரப்பரில் ஓசோன் மேற்பரப்பைத் தொட்டு நின்றுவிடும். இழுவிசையில் இருக்கும் ரப்பரில் மட்டுமே வெட்டுகள் வாய்பிளந்து உள்ளே இறங்கும். இன்றும் ரப்பர் தர ஆய்வுகளில் துண்டை 20 விழுக்காடு இழுத்துக் கட்டித்தான் ஓசோன் பெட்டிக்குள் வைக்கிறார்கள். நிறுத்திவைத்த காரில் வைப்பரின் வளைந்த கழுத்து அப்படி இழுபட்ட நிலையிலேயே மாதக்கணக்கில் இருக்கிறது. நாக்கை விரலால் மடக்கிப் பார்த்தால் கழுத்தின் நீளவாக்கில் நுண்விரிசல்கள் தெரிவது அதனால்தான். மழையில் தேய்ந்திருந்தால் தேய்மானம் விளிம்பில் இருக்கவேண்டும், கழுத்தில் இருக்க வழியில்லை. இந்த வாதத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதே பழைய வைப்பரை வைத்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் நன்றாகக் கழுவினால் பல கார்களில் கோடுகள் மறைந்துவிடுகின்றனவே, அப்படியானால் ரப்பர் கெட்டது என்பது பொய்தானே? பாதி உண்மை. கோளாறு இரண்டு இடங்களில் இருக்கலாம், இரண்டும் வெவ்வேறு அடையாளங்களை விட்டுச்செல்லும். ஒரு திசையில் சுத்தமாகத் துடைத்து மறுதிசையில் துள்ளினால் நிலைவளைவு. ஒவ்வொரு வீச்சிலும் ஒரே இடத்தில் மெல்லிய நீர்க்கோடு நின்றால் விளிம்பில் அந்த இடத்தில் வெட்டோ, ஒட்டிய மணலோ இருக்கும். நடுவே ஒரு பட்டை முழுக்கத் துடைக்கப்படாமல் விட்டுப்போனால் ரப்பரைக் குறைசொல்வதில் பயனில்லை, கையின் அழுத்தத்தையும் சட்டத்தின் வளைவையும் பார்க்கவேண்டும். கோடே இல்லாமல் மங்கலான திரைபோலப் படிந்து, எதிர்வரும் லாரியின் விளக்கில் கண்கூசினால் குற்றவாளி கண்ணாடி. சுத்தமான கண்ணாடியில் நீர் விரியும், எண்ணெய்ப்பசை படிந்த கண்ணாடியில் முத்து முத்தாகத் திரளும். வைப்பர் விட்டுச்சென்ற மெல்லிய படலம் பசைமேல் நிற்க முடியாமல் நுண்துளிகளாக உடைந்து ஒளியைச் சிதறடிக்கிறது. இயற்பியலாளர் ராலே பிரபு 1911இல் இதை மிக எளிய சோதனையால் காட்டினார். கண்ணாடித் தகட்டின்மேல் ஊதுகுழல் சுடரை ஒரு கோடாக ஓட்டி, ஆறியபின் அதன்மேல் மூச்சுவிட்டால் தகடு முழுவதும் மங்க, சுடர் போன தடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தீ பசையை எரித்த இடத்தில் ஈரம் படலமாக விரிந்தது, மற்ற இடத்தில் துளிகளாக நின்றது. உங்கள் காரின் கண்ணாடியிலும் மூச்சுவிட்டுப் பார்க்கலாம், சுடரைத் தவிர்த்துவிடுங்கள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலைவழியில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே கண்ணாடியில் படிவது மாறிவிடுகிறது. தேவனாம்பட்டினத்தில் நிற்கும் காருக்கு உப்பு. உப்புதான் கண்ணாடியைக் கீறுகிறது என்று பரவலாக நம்பப்படுகிறது, கடினத்தன்மைக் கணக்கு அதை மறுக்கிறது. மோஸ் அளவுகோலில் கறியுப்பு 2.5, கண்ணாடி ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸ் மணல் 7. கீறுவது மணல். கடலூரில் மணலுக்கும் பஞ்சமில்லை. கடற்கரை ஒருபக்கம், நிலவியலாளர்கள் இவ்வூரின் பெயராலேயே ‘கடலூர் மணற்கல்’ என்று வழங்கும் பாறையிலிருந்து உதிரும் கேப்பர் மலைச் செம்மண் மறுபக்கம். சிதம்பரம் பக்கம் போனால் வண்டல் தூசியும், இரவில் வயலோரச் சாலையில் மோதி நசுங்கும் பூச்சிகளும், தை மாசியில் சம்பா அறுவடையின் உமித்தூளும். உமி மென்மையானது என்று தோன்றும். ஆனால் நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்துச் சேமிக்கும் சிலிக்கா உமியில் நிறைந்திருக்கிறது, உமிச்சாம்பலின் பெரும்பங்கு சிலிக்காதான். பூச்சியின் புரதமும் கொழுப்பும் உலர்ந்தால் தூளைக் கண்ணாடியோடு ஒட்டிவைக்கும். காலையில் உலர்ந்த துணியால் கண்ணாடியைத் தட்டித் தேய்ப்பவரும், உலர்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடுபவரும் சேர்ந்து செய்வது உப்புத்தாள் வேலை. விழுந்த கீறல்கள் வில்வளைவாகத் தெரிய எதிர்வெளிச்சம் வேண்டும். கடலூர்–சிதம்பரம் நெடுஞ்சாலை வடக்குத் தெற்காக ஓடுவதால் சூரியன் நேரே வராது, பலருக்குக் கீறல் இருப்பதே தெரியாது. காலையில் வடலூரிலிருந்து கடலூர் நோக்கி ஓட்டினால் கண்ணாடியின் வரலாறு முழுதும் எழுதியிருக்கும்.

கீறாவிட்டாலும் உப்பு நிரபராதி இல்லை. ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்குக் குறைந்த ஈரத்திலேயே கசியும். கடலோர இரவுகளில் இந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. ஆகவே படிந்த உப்பு இரவில் நீராகி, பகலில் காய்ந்து, மறுநாள் மறுபடி நீராகி வைப்பர் கையின் மூட்டிலும் ஸ்பிரிங்கிலும் ஊறுகிறது. கடலோரக் காற்று உலோகத்தை எவ்வளவு விரைவாக அரிக்கும் என்பதைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நாடு முழுவதற்கும் வரைபடமாகவே தந்திருக்கிறது. துருவேறி இறுகிய மூட்டு ரப்பரைக் கண்ணாடியில் சரியாக அழுத்தாது. நடுப்பட்டை விட்டுப்போகும் கோளாறு கடலோரக் கார்களில் இப்படியும் வரும். ரப்பர் மட்டும் மாற்றி ஏமாறுவதும் இங்கேதான்.

பராமரிப்பு என்ற பெயரில் நாம் செய்யும் சில காரியங்கள் பராமரிக்காமல் விடுவதைவிட மோசமானவை. மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்டு ரப்பரைத் துடைப்பது பழைய வழக்கம். துடைத்த அன்று பளபளப்பாக, மென்மையாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து உப்பவைப்பதால் வரும் மென்மை அது. விளிம்பின் நேர்த்தி போய்விடும். ஓசோனைத் தடுக்கத் தயாரிப்பாளர் உள்ளே கலந்த மெழுகு மெல்ல மேலே கசிந்து ஒரு போர்வையாகப் படிந்திருக்கும், அதையும் எண்ணெய் கரைத்துவிடும். மிச்சம் கண்ணாடியில் பசையாகப் படியும். டயர் பாலிஷும் தேங்காயெண்ணெயும் இதே வகை. தேய்ந்த விளிம்பை நைசான உப்புத்தாளால் தீட்டினால் புதிதாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இயற்கை ரப்பர் பட்டைகளின் மேற்பரப்பைக் குளோரின் ஏற்றிக் கடினமாக்கியிருப்பார்கள், கண்ணாடியில் குறைவாக உராயவேண்டும் என்பதற்காக. உப்புத்தாள் முதலில் சுரண்டுவது அந்த மேல்தோலைத்தான். சரியான முறை சலிப்பூட்டும் அளவுக்கு எளிது: முதலில் கண்ணாடியில் தாராளமாக நீர் ஊற்றி மணலை ஓடவிட வேண்டும், பிறகு சோப்புநீரால் கண்ணாடியின் பசையை எடுக்கவேண்டும், கடைசியில் கையைத் தூக்கி, ஈரத்துணியை விளிம்பின் நீளத்துக்கு ஓரிரு முறை இழுக்கவேண்டும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை தேய்க்கத் தேவையில்லை, ரப்பரில் கலந்த கரித்தூள் அது, நிற்கவே நிற்காது. உலர்ந்த பூச்சிக் கறையை நகத்தால் சுரண்டுவதைவிட ஈரத்துணியைப் போர்த்தி ஐந்து நிமிடம் விடுவது மேல். வாஷர் தொட்டியில் ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட்டை முழுதாகக் கொட்டினால் நுரை காய்ந்து அதுவே ஒரு படலமாகும், ஓரிரு சொட்டு போதும். கடலோரக் கிணற்று நீரையும் போர் நீரையும் அந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள், காய்ந்தால் வெள்ளைத் திட்டும் தெளிப்பான் அடைப்பும்தான் மிஞ்சும். ஆர்.ஓ. நீர் சில லிட்டர் போதும், மாதக்கணக்கில் வரும்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைப்பது நல்லதா? ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று எச்சரிப்பவர்கள் உண்டு. தூக்கிய நிலையில் ஸ்பிரிங்குக்கு விசை கூடுவது உண்மைதான், ஆனால் அதைத் தாங்கும்படிதான் அது வடிவமைக்கப்படுகிறது. உப்பு அரித்த ஸ்பிரிங் தளர்வதற்குத் தூக்கிவைத்ததைக் காரணமாகச் சொல்வது எளிது, அவ்வளவுதான். மேலே சொன்ன வாதத்தின்படி பார்த்தால் தூக்கிவைப்பதில் தெளிவான லாபம் உண்டு: நாக்கு வளையாமல் நிமிர்ந்து நிற்கும், நிலைவளைவு விழாது, இழுவிசை இல்லாததால் ஓசோன் விரிசலும் ஆழமாகாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கடற்காற்றிலோ குழந்தையின் கைபட்டோ வைப்பர் கை சட்டென்று கண்ணாடியில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடலாம். எனவே வாரக்கணக்கில் நிற்கப்போகும் காருக்கு, அதுவும் காற்றில்லாத இடத்தில் மட்டும், தூக்கிவைக்கலாம். தினமும் எடுக்கும் காருக்கு நிழல் போதும்.

சிலிகான் ரப்பர் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். சிலிகான் சங்கிலியின் முதுகெலும்பில் கார்பன் இரட்டைப் பிணைப்பே கிடையாது, ஓசோனுக்கு வெட்ட இடமில்லை, வெயிலையும் நன்றாகவே தாங்கும். சும்மா கிடந்து கெடுவதுதான் பிரச்சினை என்றால் நம் கடற்கரைக்கு அது பொருத்தமான பொருள் என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் மணல் சிலிகான் என்று பார்த்து விடாது. பசைபடிந்த கண்ணாடி எந்த ரப்பருக்கும் மங்கும். கழுவாதவருக்குக் கூடுதல் விலை வீண். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த ‘தானே’ போன்ற புயலில் எந்த ரப்பரும் உதவாது. கொட்டும் நீர் வழிக்கும் நீரை மிஞ்சிவிட்டால் வண்டியை ஓரங்கட்டுவதே ஒரே வழி.

ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றுங்கள் என்ற பொதுவான அறிவுரையைக் கடலூர் நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்தால், எப்போது என்பதற்கு ஒரே விடைதான் வரும்: புரட்டாசி. தையில் மாற்றுவது நல்ல ரப்பரை வெயிலுக்குக் காவுகொடுப்பது. புரட்டாசியில் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். கடை வாசலில் வெயில்படத் தொங்கும் பாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பரும் காரில் இருப்பதைப்போலவே மூப்படைகிறது. அதை விட்டுவிட்டு, உள்ளே அலமாரியில் இருப்பதைக் கேளுங்கள், உறையில் தயாரிப்பு மாதம் அச்சிட்டிருந்தால் பார்த்து வாங்குங்கள்.